கிட்-மாப்பா, கிட்-டூயட்டா?

இருவராக உட்கார்ந்து கோட் எழுதினால் இருவர் பெயரும் கமிட்டில் (கிட் மென்பொருளில் கோட் மாற்றங்களைச் சேமிக்கும் பதிவு) வரவேண்டுமே, அதற்கான இந்த இரண்டு கருவிகளில் எதைப் போடலாம்?

நிறுவ: மாப்புக்கு நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) வேண்டும். டூயட் கோ மொழியில் எழுதியது, பைனரி (நேரடியாக ஓடும் கோப்பு) போதும்.

பெயர்ப்பட்டியல்: மாப்புக்கு ஜேசன் கோப்பு, டூயட்டுக்கு யாமல் கோப்பு. சரி, இதில் ஒன்றுமில்லை.

பதிவு: மாப், கமிட் செய்தியின் அடியில் ‘கோ-ஆதர்ட்-பை’ (உடன் எழுதியவர்) வரி சேர்க்கும், கோட் பகிரும் தளமான கிட்ஹப் இருவரையும் காட்டும். டூயட் வழக்கமாக ஒருவரை ஆதர் (எழுதியவர்), மற்றவரைக் கமிட்டர் (பதிவு செய்தவர்) ஆக்கிவிடும்.

தொல்லை: மாப், கமிட் செய்தியின் டெம்ப்ளேட்டை (முன்கூட்டி நிரப்பிய மாதிரியை) நம்பி இருப்பது. ‘-எம்’ போட்டு, செய்தியைக் கட்டளையிலேயே கொடுத்துக் கமிட் செய்தால் கூட்டாளி பெயர் காணாமல் போகும், அதற்கு ஹூக் (கமிட்டின்போது தானே ஓடும் சிறு நிரல்) எழுதவேண்டும். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது, நண்பர் முறைத்த பிறகு! டூயட்டில் ‘கிட் டூயட்-கமிட்’ என்றே அடித்துப் பழகவேண்டும்.

கிட்ஹப்பிலேயே குடியிருப்பவர்களுக்கு மாப். ஆதர், கமிட்டர் பிரிவு முக்கியம் என்றால் டூயட்.