‘ஃபோர்ஜ்டு’ பிஸ்டன் கிட் வாங்கியவர்கள் சிலிண்டர் போர் போடும் முன் படிக்கவும்

ஜிப்ஸி, எஸ்டீம் வண்டிகளின் மாருதி ஜி13 இன்ஜினுக்கு ஃபோர்ஜ்டு (அச்சில் அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன், எச்-பீம் கன்ராடு (பிஸ்டனை கிராங்குடன் இணைக்கும் தண்டு), போல்ட் எல்லாம் சேர்த்து ஒரு கிட் வாட்ஸ்அப் குரூப்களில் விற்கிறார்கள். டர்போ போடவிருந்த ஒரு ஜிப்ஸிக்கு வாங்கிய செட்டில் என்ன வந்தது என்பதை அளவோடு எழுதுகிறோம்.

பெட்டியில் ‘2618 ஃபோர்ஜ்டு, 74.50 மி.மீ., கிளியரன்ஸ் 0.09’ என்று அட்டை. இந்த இன்ஜினின் ஒரிஜினல் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 75.5. அதனால் 0.50 ஓவர்சைஸ் என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. வில்லங்கம் அந்த 0.09-ல்தான், அதாவது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விட வேண்டிய 90 மைக்ரான் இடைவெளியில்தான் இருக்கிறது. 2618 என்ற அலுமினிய அலாயில் சிலிக்கான் 0.25 சதவீதத்துக்கும் குறைவு. சூட்டில் நன்றாக விரியும், அதனால்தான் அவ்வளவு இடைவெளி கேட்கிறது. 12 சதவீத சிலிக்கான் உள்ள 4032-க்கு ஏறக்குறைய 50 மைக்ரான் போதும். உருக்கி வார்த்த சாதாரண காஸ்டிங் பிஸ்டனுக்கு அதைவிடவும் குறைவு. அலாய் பெயரைப் பொய்யாக எழுதினால் போர் அளவும் பொய்யாகிவிடும். 90 மைக்ரானில் காஸ்டிங் பிஸ்டனை இறக்கினால் சூடான பிறகும் தட்டும், ரிங் நேராக உட்காராது, ஆயில் குடிக்கும். தலைகீழாக நடந்தால், அதாவது 2618-ஐ 40 மைக்ரானில் இறக்கினால், முதல் நீண்ட ஏற்றத்திலேயே சீஸ். இரண்டிலும் பிளாக் அடுத்த ஓவர்சைஸுக்குப் போயாக வேண்டும். ‘ஹோனிங் முடிந்தால் ரிட்டர்ன் இல்லை’ என்று பில்லில் ஏன் அச்சடிக்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

கோவையில் பவுண்டரிகளுக்கு வேலை செய்யும் லேப் எதில் கொடுத்தாலும் ஸ்பெக்ட்ரோ (உலோகக் கலவைச் சோதனை) எடுத்துத் தருவார்கள். இந்தப் பிஸ்டனில் வந்தது சிலிக்கான் 11.8, தாமிரம், மெக்னீசியம், நிக்கல் ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்தை ஒட்டி. ரிப்போர்ட்டை அனுப்பியதும் விற்றவர் சொன்ன பதில்: “அப்போ அது 4032 சார், அதுவும் ஃபோர்ஜ்டுதான்.” இதுதான் கெட்டிக்காரத்தனம். பிஸ்டன் காஸ்டிங்குக்கு ஊரெல்லாம் பயன்படுத்தும் எல்எம்13 அலாயின் கலவையும் கிட்டத்தட்ட இதேதான். கெமிஸ்ட்ரியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரித்துக் காட்டுவது பிஸ்டனின் உள்பக்கம். ஃபோர்ஜிங் பஞ்ச் (உள்பக்கத்தை அழுத்தும் அச்சு) ஒரே துண்டு, நேராக மேலே வெளியே வர வேண்டும். ஆகவே உள்ளே குடைந்த வளைவு இருக்க வழியில்லை, இருந்தால் கட்டர் ஓடிய தடம் தெரியும். காஸ்டிங்கின் கோர் (உள் அச்சு) பல துண்டாகக் கழன்று வரும். துண்டுகள் சேர்ந்த இடத்தில் முடி போன்ற மெல்லிய கோடுகள் நிற்கும். இந்தச் செட்டில் பின் பாஸுக்கு (கன்ராடு பின் நுழையும் தடிப்புக்கு) மேலே கட்டர் தொடாத குடைவு, அதன் இரு பக்கமும் கோடு. டார்ச் அடித்தாலே தெரிகிறது. கோடு இல்லை என்பதால் மட்டும் ஃபோர்ஜ்டு ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறோம். அப்போது ஒரு பிஸ்டனை அறுத்து லேபில் ரசாயனத்தால் எட்ச் செய்து உலோக ஓட்டத்தைப் பார்ப்பதுதான் முடிவான சோதனை.

ரிங் ‘அப்படியே போடலாம்’ என்றார்கள். போருக்குள் 25 மி.மீ. இறக்கி, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, ஃபீலர் வைத்தால் டாப் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி 0.22 மி.மீ. சாதாரண ஓட்டத்துக்கே போர் அளவில் 0.0045 மடங்கு, 0.34 வேண்டும். டர்போவுக்கு 0.006 மடங்கு, 0.45. இறுக்கமாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் லேண்ட் (ரிங் பள்ளங்களுக்கு இடையிலான வரம்பு) உடையும், காஸ்டிங் பிஸ்டனில் முதல் பூஸ்டிலேயே.

எடையில் நான்கு பிஸ்டனுக்குள் 4 கிராம் வித்தியாசம். இது சரிசெய்யக்கூடியது, விடுங்கள்.

கன்ராடு போல்ட்தான் உண்மையில் பயமுறுத்தியது. பெட்டியில் ‘ஏஆர்பி 2000’ என்று உயர்வலு போல்ட் கிரேடின் பெயர், போல்ட் தலையிலும் பொறிப்பு. ஒவ்வொன்றின் நீளத்தையும் மைக்ரோமீட்டரில் குறித்து, மாலி லூப் தடவி, அட்டையில் சொன்ன டார்க்குக்கு இறுக்கி, கழற்றி, திரும்ப அளந்தோம். நல்ல போல்ட் பழைய நீளத்துக்கே திரும்ப வேண்டும். 0.025 மி.மீ. நிரந்தரமாக நீண்டாலே குப்பை. எட்டில் மூன்று போல்ட் 0.04-க்கு மேல் நீண்டிருந்தன. இப்படி நீண்ட போல்ட் கன்ராடின் கேப்பைப் (அடிமூடியைப்) பிடிக்காது. பேரிங் சுழலும், பிறகு ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கன்ராடின் பெரிய துளையான பிக் எண்டையும் போல்ட் இறுக்கிய நிலையில் மூன்று திசையில் போர் கேஜால் அளக்க வேண்டும். 5 மைக்ரான் வரை வட்டம் தவறலாம். இங்கே ஒரு ராடில் 14.

செட் கைக்கு வந்ததும் முதலில் இந்தச் சோதனைகள், பிறகுதான் போர் போட லேத். ஸ்பெக்ட்ரோ எடுத்தால் பிஸ்டன் தலையில் சிறு கருப்பு வட்டம் விழும், அதைக் காட்டியே ரிட்டர்ன் மறுப்பார்கள். லேப் டெஸ்ட்டுக்குச் சம்மதம் என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பில்லில் ‘பிஸ்டன் கிட் 1 செட்’ என்று மட்டும் போட விடாதீர்கள். அலாய் எண், ஃபோர்ஜ்டு என்ற சொல், போல்ட் கிரேடு மூன்றும் வேண்டும். பில் வண்டி ஓனர் பெயரில் இருக்கட்டும். பட்டறை பெயரில் இருந்தால் வியாபாரத்துக்காக வாங்கியது என்று சொல்லி நுகர்வோர் ஆணையத்தில் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியும்போதும் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான்.