ஆலையில் மெயின்டெனன்ஸா, ஊர் ஊராகச் சுற்றும் சர்வீஸா?

டிப்ளமோ முடித்த தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: ஒசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலையில் மெயின்டெனன்ஸ் வேலைக்குப் போகலாமா, இல்லை சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மெஷின்) தயாரிக்கும் கம்பெனியில், வாங்கியவர்கள் இடத்துக்கே போய்ப் பழுது பார்க்கும் சர்வீஸ் இன்ஜினியராகச் சேரலாமா? நான் எடுத்தது சர்வீஸ். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

தெரிந்த சங்கதிகளைச் சட்டென்று முடித்துவிடலாம். ஆலையில் ஷிப்ட், கேன்டீன், கம்பெனி பஸ் எல்லாம் உண்டு, வேலை முடிந்தால் வீடு. சர்வீஸில் பேட்டா உண்டு, ஆனால் பில்லையெல்லாம் சேர்த்து கிளெய்ம் போட்டு அது கைக்கு வர நாளாகும். தீபாவளிக்கு முந்தின நாள் ராஜ்கோட்டில் ஒரு ஸ்பிண்டில் (மெஷினின் சுழலும் தண்டு) நின்றுபோனால் நாமும் ராஜ்கோட்டில்தான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஒரு பழுதை எத்தனை முறை நம் கையால் சரிசெய்யக் கிடைக்கிறது என்பது. டூலின் அளவுத் திருத்தமான ஆஃப்செட்டைத் தப்பாகப் போட்டு, டூல்களைத் தாங்கும் டரட் போய், ஸ்பிண்டிலில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கில் டயல் கேஜைக் கட்டி, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, டரட்டில் போரிங் பார் (துளையைக் கடையும் டூல்) உட்காரும் துளைக்குள் அதன் முள்ளை ஓட்டி, மேலே கீழே எவ்வளவு, முன்னே பின்னே எவ்வளவு என்று பார்த்து, டரட்டை நிலையில் பிடிக்கும் பின்னைக் கழற்றி, போல்ட்டை லேசாகத் தளர்த்தி, நைலான் சுத்தியால் தட்டித் தட்டி 20 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பிறகு போல்ட்டை இறுக்கினால் மறுபடி நகரும். எந்த போல்ட்டை முதலில் இறுக்கினால் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது மேனுவலைப் படித்து வருவதில்லை, கைக்குத்தான் தெரியும். ஆலையில் இப்படி மோதுவது எப்போதாவதுதான், அப்போதும் புரொடக்‌ஷன் அவசரத்தில் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஆளுக்கு இன்றைக்குக் கோவை குறிச்சி, அடுத்த வாரம் சென்னை அம்பத்தூர், அதற்கடுத்து புனே பக்கம் சாக்கன் என்று இதே வேலை, வேறு வேறு மெஷினில். அப்புறம், சர்வோ டிரைவ் (அச்சுகளை நகர்த்தும் மோட்டாரை இயக்கும் யூனிட்) மேல் சந்தேகமா, ஆபீஸிலிருந்து நல்ல டிரைவை வரவழைத்து மாட்டிப் பார்க்கலாம். லேடரில் (மெஷினின் சுவிட்ச், வால்வுகளை இயக்கும் புரோகிராம்) ஒரு சிக்னல் எங்கே அறுபடுகிறது என்று புரியாவிட்டால் அதை எழுதியவரிடமே போனில் கேட்கலாம். ஆலைக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

ஆனால் ஒன்று, மெஷினைக் கெடாமல் பார்த்துக்கொள்ளும் கலை ஆலையில்தான் படியும். ஃபானுக் கம்பெனி கன்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) அப்சல்யூட் என்கோடர் (அச்சு எங்கே நிற்கிறது என்று நினைவில் வைக்கும் சென்சார்) பேட்டரி இறங்குகிறது என்று எச்சரிக்கை வந்தால், கன்ட்ரோல் ஆனில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் நீண்ட லீவு முடிந்து வரும்போது மெஷின் தன் ஹோம் பொசிஷனை (அளவு தொடங்கும் இடத்தை) இழந்து நிற்கும், கன்ட்ரோல் செட்டிங்கில் 1815 என்ற பாராமீட்டரில் போய்த் திரும்ப அமைக்க வேண்டும். சர்வீஸ் ஆள் வந்து அமைத்துக் கொடுத்துவிட்டுப் போவார், நல்ல மெயின்டெனன்ஸ் ஆள் அந்த நிலையே வராமல் பார்த்துக்கொள்வார். அவருக்கு கம்ப்ரஸர், கிரேன், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்தே அத்துப்படியாகும்.

குழந்தை குட்டி என்று ஆனபிறகும் இந்த அலைச்சல் தாங்குமா என்றால், கூட வேலை பார்த்தவர்களில் பலர் அந்தக் கட்டத்தில் ஆலைக்கு மாறியிருக்கிறார்கள், மாறும்போது நல்ல மதிப்பும் கிடைத்தது. தனியாக சர்வீஸ் எடுத்துச் செய்வது பற்றிக் காதால் கேட்டதுதான், அதனால் அதில் கருத்துச் சொல்ல மாட்டேன்.

சேருவதற்கு முன் இன்டர்வியூவில் ஒன்று கேளுங்கள்: வெளியே அனுப்புவதற்கு முன் அசெம்பிளியில் சில மாதமாவது நிற்க வைப்பார்களா? மெஷின் கட்டுவதைப் பார்க்கவே விடாமல் நேராக டூல் பையைக் கொடுத்து ரயிலேற்றும் கம்பெனி என்றால், ஆலை வேலைக்கே போங்கள்.