போனில் பழுது பார்க்கும்போது எந்த எடிட்டர் வாய் திறக்கிறது?

வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு விலைப்பட்டியலும் கூலிக் கணக்கும் தயாரித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது. அதன் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் வீடோ ஏற்காட்டில். மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்ட நாளில், உரைக் கோப்புகளைத் திருத்தும் மென்பொருளான எடிட்டர் ஒன்றின் செட்டிங் பிசகிவிட்டது என்பதற்காக 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போக எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே பெரும்பாலான பழுதுகளைப் போனிலேயே பார்க்கிறேன். அந்தப் பக்கம் இருப்பவர் நான் சொல்வதைத் தட்டச்சு செய்து, திரையில் வருவதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எடிட்டர்களை ஒப்பிட இது விசித்திரமான அளவுகோலாகத் தோன்றலாம். ஆனால் மேம்படுத்தலுக்குப் பிறகு ஒரு அமைப்பு மாறிவிட்டால், அதை மாற்றியது யார் என்று எடிட்டர் தானே ஒரே வரியில் சொல்கிறதா, இல்லை நம்மைத் தேடித் திரிய விடுகிறதா என்பதை இதைவிடக் கறாராகச் சோதிக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

நீண்ட காலம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 8ஆம் பதிப்பிலேயே கிடந்த அலுவலக சர்வரை, ஒவ்வொரு பதிப்பாக ஏற்றி, ஒரு வார இறுதியில் 12க்குக் கொண்டுவந்தோம். திங்கட்கிழமை காலையில் முதல் அழைப்பு வந்தது. "அண்ணா, ரைட் கிளிக் பண்ணா ஒட்டலைங்க. கீழே ஏதோ விஷுவல்னு வருதுங்க" என்றார் அங்குள்ள தம்பி. அவர் விண்டோஸ் கணினியிலிருந்து புட்டி என்ற தொலை இணைப்பு நிரல் வழியாக சர்வருக்குள் நுழைந்து விம் எடிட்டரில் வேலை செய்பவர். பட்டறையிலிருந்து வரும் எடைக் கணக்கை நகலெடுத்து வலது பொத்தானால் ஒட்டுவதுதான் அவருடைய அன்றாட வேலை.

விம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி சிறியது. கோலன், வெர்போஸ், செட், மவுஸ், கேள்விக்குறி என்று நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். விடையையும் அப்படியே படித்தார்: மவுஸ் ஈக்வல் ஏ, கடைசியாக அமைத்தது யூ-எஸ்-ஆர், ஷேர், விம், விம் 90, டிஃபால்ட்ஸ் டாட் விம், கூடவே ஒரு வரி எண். அமைப்பின் மதிப்பு, அதைப் போட்ட கோப்பு, அந்தக் கோப்பில் எந்த வரி என்ற மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. 8.0 காலத்தில் கோப்பின் பெயர் மட்டுமே வரும்; வரி எண் பின்னால் சேர்ந்தது.

காரணமும் அந்தக் கோப்பின் பெயரிலேயே இருக்கிறது. 2016இல் வெளிவந்த விம் 8.0, பயனருக்கென்று விம்-ஆர்சி என்ற அமைப்புக் கோப்பு எதுவும் இல்லாவிட்டால் டிஃபால்ட்ஸ் டாட் விம் என்ற இயல்பமைப்புக் கோப்பைத் தானாகவே ஏற்றத் தொடங்கியது. டெபியன் 8இல் இருந்தது 7.4, அதற்கு இந்தப் பழக்கம் கிடையாது. டெபியன் 9இல்தான் 8.0 வந்தது. மவுஸ் இயங்கும் நிலையில் வலது பொத்தானை அழுத்தினால் அது புட்டிக்குப் போகாமல் விம்முக்குப் போகிறது. விம் அதை ஒட்டச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல், உரையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறது. இதே மாற்றத்தை, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் பொதியாளர்கள் தங்கள் பொதியில் அணைத்து வைத்தார்கள் என்பதால், உபுண்டு வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டால் "எனக்கு அப்படி ஒன்றும் இல்லையே" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை நம்பித் தன் புட்டியைக் கழற்றி மாட்டியவர்கள் உண்டு.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சோதனை இருக்கிறது. விம்மை இரட்டைக் கோடு கிளீன் என்ற விருப்பத்தோடு தொடங்கினால் பயனரின் கோப்பை விட்டுவிடும், ஆனால் டிஃபால்ட்ஸை ஏற்றும். கோடு-யூ, பெரிய எழுத்தில் நன் என்று தொடங்கினால் இரண்டையும் ஏற்றாது. முதல் வழியில் பழுது தெரிந்து, இரண்டாம் வழியில் மறைந்தால், குற்றவாளி பெரும்பாலும் அந்த இயல்பமைப்புக் கோப்பேதான். "கிளீன் என்றால் எல்லாம் சுத்தம்" என்று நினைத்துக்கொண்டு முதல் சோதனையோடு நிறுத்தியவர்கள், பழுது கிளீனிலும் தெரிவதால் மென்பொருளே கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வருவார்கள்.

நான் செய்த தவறு இதற்குப் பிறகுதான். அவசரத்தில், "வீட்டு அடைவில் விம்-ஆர்சி என்று வெறும் கோப்பு ஒன்றை உருவாக்கு தம்பி, போதும்" என்று சொல்லிவிட்டேன். ஒட்டுவது சரியானது. ஆனால் பயனர் கோப்பு ஒன்று இருப்பது தெரிந்தவுடன் விம் இயல்பமைப்புக் கோப்பை முழுவதுமாகத் தவிர்த்துவிடும். தொடரமைப்பின் நிறங்கள் போயின. தட்டத் தட்டத் தேடுவது போயிற்று. கோப்பை மீண்டும் திறந்தால் விட்ட வரியில் வந்து நிற்பதும் போயிற்று. பழைய 7.4இல் இவை எதுவும் அவருக்கு இருந்ததில்லை, அரை நாள்தான் அனுபவித்தார்; ஆனாலும் இரண்டாயிரம் வரி விலைப்பட்டியலில் நேற்று விட்ட இடத்துக்கே போய் நிற்கும் சுகத்தை அரை நாளில் கண்டுகொண்டார். மறுநாள் அதே கோப்பில் இரண்டு வரிகள் எழுதச் சொன்னேன். முதல் வரி டிஃபால்ட்ஸ் கோப்பைச் சோர்ஸ் கட்டளையால் வரவழைக்கும். மவுஸை அணைக்கும் இரண்டாவது வரி செட், மவுஸ், ஈக்வல். அதற்குப் பின் ஒன்றும் இல்லாமல் என்டர். "ஈக்வலுக்கு அப்புறம் ஒண்ணுமே வேண்டாங்களா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஒருநாள் வேலைக்கு மட்டும் என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி வலது பொத்தானை அழுத்தினாலே புட்டி பழையபடி ஒட்டும். அதை முதல் அழைப்பிலேயே சொல்லியிருக்கலாம்.

விம்மிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிம் இந்த விஷயத்தில் தாய்வழிக் குணத்தைப் பாதிதான் பெற்றிருக்கிறது. அதே வெர்போஸ் கேள்வி அங்கும் உண்டு. ஆனால் அமைப்பை லுவா என்ற நிரல்மொழியின் கோப்பில் எழுதியிருந்தால், கடைசியாக அமைத்தது லுவா என்று மட்டும் சொல்லிவிட்டு, விவரம் வேண்டுமானால் கோடு-வி1 விருப்பத்தோடு மறுபடி தொடங்கு என்கிறது. செக்ஹெல்த் கட்டளை தரும் அறிக்கை நல்ல அறிக்கைதான், போனில் படிக்க முடியாத நீளம். 2024இல் வந்த 0.10 இயல்பு நிறத்தொகுப்பையே மாற்றியது. 2025இல் வந்த 0.11, பிழைச் செய்தியை வரியின் ஓரத்தில் காட்டுவதை இயல்பாக நிறுத்தியது. இரண்டிலும் பயனர் கோப்பு ஒரு எழுத்துகூட மாறவில்லை. என் மடிக்கணினியில் நியோவிம்தான் இருக்கிறது. பிறருக்கு அதைப் பரிந்துரைத்துவிட்டு மலையேறி வந்து உட்கார்ந்துகொள்ளும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஈமாக்ஸ் வேறு மாதிரி. அலுவலகக் கணக்கரான பெரியவர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாக அதில்தான் எழுதுகிறார். 24.4இலிருந்து 28.2க்குத் தாவியதும் அவர் திரையில் முதலில் வந்தது, 'சிஎல்' என்ற பொதி வழக்கொழிந்தது என்ற எச்சரிக்கை. 27ஆம் பதிப்பிலிருந்து வரும் வெறும் எச்சரிக்கை அது, எதையும் கெடுக்காது. ஆனால் கண்ணில் முதலில் படுவதாலேயே, பழுதுக்குக் காரணம் என்று எல்லாரும் அதன் மேல் பாய்வார்கள். உண்மையான பழுது கீழே இருந்தது: தொடக்கக் கோப்பில் ஏதாவது ஒரு வரியில் பிழை வந்தால் ஈமாக்ஸ் அங்கேயே நிறுத்திக்கொள்ளும், அதற்குக் கீழே எழுதியவை படிக்கப்படா. ஆகவே "என் தமிழ் எழுத்துருவைக் காணோம்" என்று அவர் சொன்ன குறைக்கும் எழுத்துருவுக்கும் தொடர்பே இல்லை. நூறு வரிக்கு மேலே, இப்போது கணினியில் இல்லாத ஒரு பொதியின் செயற்கூறைக் கூப்பிட்டதுதான் காரணம். டீபக்-இனிட் விருப்பத்தோடு தொடங்கியபோது அது தெரிந்தது. ஆனால் வந்த பின்தடத்தை, அதாவது பிழைக்கு இட்டுச் சென்ற அழைப்புகளின் பட்டியலை, அவர் போனில் படித்து முடிப்பதற்குள் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. கடைசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

ஈமாக்ஸின் பலம், மாறியது எப்போது என்று அது அறிந்திருப்பது. கண்ட்ரோல்-ஹெச், பிறகு வி என்று அழுத்தி ஒரு மாறியின் பெயரைக் கொடுத்தால், இப்போதைய மதிப்போடு, இந்த மாறி இன்ன பதிப்பில் அறிமுகமானது அல்லது இதன் இயல்பு மதிப்பு மாறியது என்ற குறிப்பும் பல மாறிகளுக்கு வரும். கஸ்டமைஸ்-சேஞ்ச்டு என்ற கட்டளைக்குப் பழைய பதிப்பின் எண்ணைக் கொடுத்தால், அதற்குப் பின் மாறிய விருப்பங்களை வரிசையாகக் காட்டும். வேறு எந்த எடிட்டரிலும் இதற்கு நிகரான வசதியை நான் கண்டதில்லை. யார் மாற்றியது என்று மட்டும் சொல்லாது. விம்முக்கு ஆள் தெரியும், காலம் தெரியாது. ஈமாக்ஸுக்குக் காலம் தெரியும், ஆள் தெரியாது. கணினியின் முன் நாமே உட்கார்ந்திருந்தால் ஈமாக்ஸ் தருவதுதான் அதிகம். போனில், இல்லை.

விஎஸ் கோடு பற்றிப் பேசும்போது முதலில் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். 2024 ஜனவரிப் பதிப்பான 1.86 முதல் தொலைச் சர்வர்களில் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28 தேவைப்பட்டது, உபுண்டு 18.04இல் இருப்பது 2.27, சென்ட்ஓஎஸ் 7இல் 2.17. பிறகு அவகாசம் நீட்டிக்கப்பட்டது. இதைச் செட்டிங்ஸ் கோப்பில் தேடிப் பயனில்லை, ஏனெனில் அது அமைப்பே அல்ல. அடிப்படை நூலகத்தின் பழமை. இணைப்பே கிடைக்கவில்லை என்றால் அமைப்புகளைத் தொடாதிருப்பது நல்லது.

தமிழில் எழுதுபவர்களைத் தொடுவது வேறொன்று. 2021 நவம்பர்ப் பதிப்பான 1.63, யூனிகோட் எழுத்துகளைச் சுட்டிக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. ஏமாற்றும் தோற்றமுள்ள எழுத்துகளைக் கொண்டு நிரலில் விஷமம் செய்வதைத் தடுப்பது அதன் நோக்கம். நம்பிக்கை தராத, அதாவது கட்டுப்பாட்டு நிலையில் திறந்த கோப்புறையில், அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதியில் இல்லாத எழுத்துகளை எல்லாம் அது கட்டம் போட்டுக் காட்டும். 'கொலுசு', 'கூலி', 'சேதாரம்' என்று ஒவ்வொரு எழுத்தையும் மஞ்சள் கட்டத்துக்குள் பார்த்த அலுவலகப் பெண், எழுத்துருவை மூன்று முறை மாற்றிப் பார்த்த பிறகே என்னை அழைத்தார். அமைப்பை அணைப்பதைவிட, நம் சொந்தக் கோப்புறைதான் என்று நம்பிக்கை கொடுப்பதே சரியான தீர்வு.

இங்கே விஎஸ் கோடின் குறை வெளிப்படுகிறது. செட்டிங்ஸ் பக்கத்தில் @மாடிஃபைடு என்று தேடினால் நாம் மாற்றியவை எல்லாம் வரும்; பயனர் அடுக்கிலா, பணிவெளி அடுக்கிலா என்பதும் தெரியும். ஆனால் மேம்படுத்தலில் மாறுவது பெரும்பாலும் நாம் தொடாத இயல்பு மதிப்பு. அது அந்தப் பட்டியலில் வராது. எதிலும் கை வைக்காதவருக்கு அந்தப் பக்கம் காலியாக இருக்கும், கட்டமோ திரையில் இருக்கும்.

எடிட்டரோடு நாம் சேர்த்துக்கொண்ட நீட்சிதான் (எக்ஸ்டென்ஷன்) காரணம் என்று சந்தேகப்பட்டாலோ கதை தலைகீழ். எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்ற கட்டளை நீட்சிகளில் பாதியை அணைத்துவிட்டு, இப்போது சரியா இல்லையா என்று மட்டும் கேட்கும். பதிலைப் பொறுத்து மீதியை மீண்டும் பாதியாக்கும். முப்பது நீட்சிகள் இருந்தால் ஐந்து சுற்று போதும். "சரி", "இல்லை", "இல்லை", "சரி", "சரி" என்று ஐந்து சொற்களில் ஒரு பழுது முடிந்தது. விம்மில் இதையே கைமுறையாக, கோப்பின் நடுவில் ஃபினிஷ் என்று எழுதி எழுதி நகர்த்திச் செய்ய வேண்டும்.

நானோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் பெருமை. 2019இல் வந்த 4.0 முதல் நீண்ட வரிகளைத் தானாக உடைப்பது இயல்பில் நின்றுவிட்டது. பிரேக்லாங்லைன்ஸ் என்று ஒரு வரி போட்டால் பழையபடி உடைக்கும். 2024இல் வந்த 8.0 கண்ட்ரோல்-எஃப் விசையைத் தேடலுக்குக் கொடுத்துவிட்டது. அமைப்புக் கோப்பில் தெரியாத விருப்பம் இருந்தால் கோப்பின் பெயரோடு வரி எண்ணையும் சொல்லும். நோட்பேட்++ 2018இல் 7.6க்கு வந்தபோது ஒவ்வொரு செருகுநிரலும் தன் பெயரிலேயே தனிக் கோப்புறையில் இருக்க வேண்டும் என்றாகி, பழைய இடத்தில் கிடந்தவை மெனுவிலிருந்து மறைந்தன. அங்கே டீபக் இன்ஃபோ என்ற பகுதியை நகலெடுத்து அனுப்பச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

அலுவலக சர்வரில் விம்மையே வைத்துக்கொண்டோம். மேசைக் கணினிகளில் விஎஸ் கோடு. பெரியவரிடம் ஈமாக்ஸை விடச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை, சொன்னாலும் அவர் கேட்க மாட்டார். அடுத்த மேம்படுத்தலுக்காக ஒன்று மட்டும் மாற்றியிருக்கிறோம். சர்வரின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடீசி அடைவில் நாம் திருத்திய கோப்பைக் கண்டால் டெபியன் நிறுத்திக் கேட்கும். வெறும் என்டர் அடித்தால் பழையது தங்கி, புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் கிடக்கும். இதுவரை தம்பி என்டர்தான் அடித்துக்கொண்டிருந்தார். இனி முதலில் டி அழுத்தி, வேறுபாட்டைத் திரையில் பார்த்துவிட்டு, எனக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.