ஊட்டிக் குளிருக்கு எந்த ஆயில்? கிளாசிக் 350-இல் பல வருட அனுபவம்

ராயல் என்ஃபீல்டு வைத்திருக்கிறவர்களிடம் ஆயில் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். அதில் பாதி கோயம்புத்தூர், சென்னை வெயிலில் ஓட்டுகிறவர்களின் பதில், மலையில் இருக்கிற நமக்கு அப்படியே ஒத்துவராது. என் வண்டி பழைய யூ.சி.இ. இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருப்பது) கிளாசிக் 350, கார்புரேட்டர் மாடல், வாங்கிய நாளிலிருந்து ஊட்டியில்தான் இருக்கிறது. ஃபிங்கர்போஸ்ட்டிலிருந்து சேரிங்கிராஸ் பக்கம் தினமும் வேலைக்கு, வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம், எப்போதாவது கூடலூர். இந்த ஓட்டத்துக்கு மினரல் (கச்சா எண்ணெயிலிருந்து நேராக எடுப்பது), ஃபுல்லி சிந்தெடிக் (செயற்கையாகத் தயாரிப்பது), இரண்டும் கலந்த செமி சிந்தெடிக் மூன்றையும் ஊற்றிப் பார்த்தாகிவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டப்பாவின் பின்பக்கம் சரியாக இருந்தால் எந்தக் கம்பெனி என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், மாற்றுகிற நாளைத்தான் யோசிக்க வேண்டும். அதுவும் கிலோமீட்டரைப் பார்த்து இல்லை, காலண்டரைப் பார்த்து.

முதலில் குளிர். இந்த இன்ஜினில் வால்வைத் தள்ளுவது ஹைட்ராலிக் டப்பெட், ஆயில் பிரஷர் வந்தால்தான் அது தன் இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிற காலையில் ஸ்டார்ட் செய்தால் முதலில் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வரும், ஆயில் மேலே போய்ச் சேர்ந்ததும் அடங்கிவிடும். ஆயில் எப்படி என்று எனக்கு முதலில் சொல்வது இந்தச் சத்தம்தான். 20டபிள்யூ50 மினரல் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடங்காது. 15டபிள்யூ50 ஊற்றிய பிறகு வாசல் கேட்டைத் திறந்துவிட்டு வருவதற்குள் நின்றுவிடுகிறது. கம்பெனி சொல்வதும் 15டபிள்யூ50தான், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

டபிள்யூ என்றால் விண்டர். அதற்கு முன்னால் உள்ள எண் சின்னதாக இருந்தால் குளிரில் ஆயில் லேசாக ஓடும். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்து இன்ஜின் சுற்ற முடிகிறதா என்று சோதிப்பார்கள். ஊட்டி என்னதான் குளிர்ந்தாலும் அந்த அளவுக்குப் போகாது. அதனால் '20டபிள்யூ ஊற்றினால் உறைஞ்சுடும்' என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம், அது நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மாதிரி கட்டியாகாது. கெட்டியாக, மெதுவாக ஓடும், அவ்வளவுதான். சாதாரண டப்பெட் இன்ஜின் என்றால் வித்தியாசம் காதுக்கே தெரியாமல் போகலாம்.

பின்னால் இருக்கிற 50 சூட்டுக்கானது, 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கான எண். குளிர் ஊரில் 50 எதற்கு, 40 போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஏப்ரல், மே சீசனில் கல்லாறு தாண்டி பர்லியாறு வழியாக ஏறிப் பாருங்கள் என்றேன். கொண்டை ஊசி வளைவுகள் 14, முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், அதற்கு முன்னால் இன்னொரு பஸ், நாம் ஃபர்ஸ்ட்டுக்கும் செகண்டுக்கும் நடுவில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டிக்கொண்டே போக வேண்டும். ஏர் கூல்டு இன்ஜினுக்குக் காற்று ஓட்டமே கிடையாது, ஆனால் சுற்று மட்டும் அதிகம். ஆயில் உண்மையில் சூடாவது அங்கேதான். அந்த ஏற்றத்தில் ஆயில் நீர்த்துப்போனால் குன்னூர் வந்து நிறுத்தும்போது நியூட்ரல் விழாது, காலால் நோண்டிக்கொண்டே நிற்க வேண்டும்.

அடுத்து ஜாசோ, அதாவது ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியீடு. டப்பாவில் ஜாசோ எம்.ஏ.2 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நம் பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், யூ.சி.இ. வந்த பிறகு அந்தக் கதை முடிந்தது. கார் ஆயிலில் பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று உராய்வைக் குறைக்கிற சரக்கு சேர்ப்பார்கள், 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். காருக்கு நல்லது, நம் கிளட்ச் பிளேட்டுக்கு ஆகாது. எம்.பி. என்று இருந்தால் அதுவும் உராய்வு குறைந்த ரகம், ஈரக் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டருக்குப் பொருந்தும். என் நண்பன் வண்டியில் சமவெளியில் ஒரு மெக்கானிக் கார் ஆயிலை ஊற்றி அனுப்பிவிட்டார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. மலை ஏற ஆரம்பித்ததும் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் கருகிய வாசனையோடு குன்னூர் வந்து சேர்ந்தான். சமவெளியில் மாதக்கணக்கில் மறைந்திருக்கிற கிளட்ச் ஸ்லிப் மலையில் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் பெரியப்பா இங்கே இருந்த எச்.பி.எஃப். ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய 100 சிசி வண்டி இந்து நகரிலிருந்து மார்க்கெட்டுக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போய்வரும், அவ்வளவுதான். "வண்டியே ஓடலையேடா, ஆயிலை எதுக்கு மாத்தணும்?" என்பார். ஒரு நாள் ஆயில் மூடியைத் திறந்து அவரிடமே காட்டினேன். மூடியின் உள்பக்கம் முழுக்க வெளுத்த மஞ்சள் நிறத்தில் ஒரு பசை, விரலால் வழித்து எடுக்கலாம் போல. ஹெட் கேஸ்கெட் போய், கூலன்ட் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்று பயந்துவிட்டார். ஏர் கூல்டு வண்டியில் கூலன்ட்டே கிடையாது, அப்புறம் எங்கிருந்து தண்ணீர் வரும்?

எரிகிற பெட்ரோலிலிருந்துதான். பெட்ரோல் எரியும்போதே நீராவி உண்டாகும், அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே ஆயில் இருக்கிற கிராங்க் கேஸுக்குள் இறங்கும். குளிர்ந்த இரும்பில் பட்டதும் தண்ணீராகிவிடும். இன்ஜின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் அந்தச் சூட்டிலேயே ஓடினால் அந்தத் தண்ணீர் ஆவியாகி பிரீதர் என்கிற காற்றுக் குழாய் வழியாகப் போய்விடும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்த வகையில் நமக்குச் சலுகைதான். ஆனால் மார்க்கெட் வரை போய்வருகிற சின்ன ஓட்டத்தில் ஆயில் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. ஜூன், ஜூலையில் நாள் முழுக்க மஞ்சு மூடிக் கிடக்கிறபோது இன்னும் மோசம்.

இதோடு பெட்ரோலும் சேரும். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சமவெளிக்கு ஏற்ற ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற துளை) வைத்த கார்புரேட்டர் வண்டி இங்கே பெட்ரோலை அதிகமாகத்தான் குடிக்கும், காலையில் சோக் வேறு. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. பழைய ஆயிலை இறக்கும்போது முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை அடிக்கும். எஃப்.ஐ. (ஃபியூல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் தண்ணீர்த் தொல்லை அவற்றுக்கும் உண்டு.

அதனால்தான் வருடத்துக்கு இரண்டு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஆயிலை மாற்றுகிறேன். மே சீசன் முடிந்ததும் ஒன்று, மழை ஓய்ந்து பனி தொடங்குவதற்கு முன் நவம்பர் கடைசியில் ஒன்று. ஃபில்டரும் கூடவே. வாராவாரம் மேட்டுப்பாளையம் போய்வருவது இன்ஜினுக்கு மருந்து மாதிரி வேலை செய்கிறது, திரும்பி ஏறும்போது உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் போய்விடும். பெரியப்பாவிடமும் மாதம் இரண்டு தடவையாவது குன்னூர் வரை போய்வரச் சொல்லியிருக்கிறேன். போகிறாரா என்று தெரியாது, ஆயிலை மட்டும் மாற்றிவிடுகிறார்.

சரி, செமியா ஃபுல்லியா? மோட்டுல் 7100 15டபிள்யூ50 கொஞ்ச காலம் ஓட்டினேன். கியர் வெண்ணெயாக விழுந்தது, சூடான பிறகு டப்பெட் சத்தம் குறைவு, சீசன் நெரிசலில் ஏறி வந்தாலும் நியூட்ரல் தேட வேண்டியதில்லை. அருமையான ஆயில், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விலை செமி சிந்தெடிக்கைவிட நிறைய அதிகம், இந்த இன்ஜினுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும். தண்ணீரும் பெட்ரோலும் கலந்தால் சிந்தெடிக் என்று பார்த்து விட்டுவைக்காது. அத்தனை ரூபாய் கொடுத்து வாங்கியதை ஆறு மாதத்தில் இறக்க மனசு வராமல் இழுத்துக்கொண்டு போவோம், அதுதான் சிக்கல். தினமும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நீண்ட ஓட்டம் ஓட்டுகிறவர்கள் தாராளமாக 7100 ஊற்றலாம், அவர்களுக்குக் காசுக்குத் தகுந்த பலன் கிடைக்கும். எனக்கு 15டபிள்யூ50 செமி சிந்தெடிக், ராயல் என்ஃபீல்டின் சொந்த ஆயிலோ மோட்டுல் 5100-ஓ, கையில் எது கிடைக்கிறதோ அது. தம்பியின் ஸ்ப்ளெண்டரில் 10டபிள்யூ30, ஹீரோ சொல்வதும் அதுதான். புல்லட்டுக்கு நல்லது என்று அதற்கும் 50 ஊற்ற நினைக்கிறவர்கள் உண்டு, வேண்டாம்.

லெவல் பார்ப்பதில் நம் ஊரில் ஒரு தனிப் பிரச்சினை. வீட்டு வாசலில் சமதளமே கிடையாது! சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும், இன்ஜின் பக்கவாட்டில் இருக்கிற ஆயில் லெவல் கண்ணாடியில் தெரிகிற அளவு பொய் சொல்லும். நான் பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கிற இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டுத்தான் பார்ப்பேன். ஒருமுறை கீழே ஒரு சர்வீஸ் சென்டரில் கண்ணாடி நிறைய ஊற்றி அனுப்பிவிட்டார்கள், வீடு வந்து சேர்வதற்குள் பிரீதர் வழியாக ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் ஆயில் வழிந்துவிட்டது. குறைவாக இருப்பதும் ஆபத்து. மலை இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மூடி இன்ஜின் பிரேக்கில் வருவோம் இல்லையா, அப்போது உள்ளே உண்டாகிற உறிஞ்சலில் கொஞ்சம் பழைய இன்ஜின் என்றால் ரிங்கையும் வால்வு சீலையும் தாண்டி ஆயில் மேலே போகும். கீழே வந்து திரும்ப ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது நீலப் புகை வந்தால் இதுதான் காரணம். கல்லட்டிப் பாதை மாதிரி 36 வளைவு உள்ள சரிவை அடிக்கடி பார்க்கிற வண்டி என்றால் வாரம் ஒருமுறை லெவலைப் பார்த்துவிடுங்கள்.

வாங்கும்போது சீல் உடையாத டப்பா, பில். லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். காலி டப்பாவை அப்படியே குப்பையில் போடாமல் கத்தியால் கிழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அதே டப்பாவில் யாராவது எதையாவது நிரப்பி விற்பார்கள். பழைய ஆயிலை வேலிக் கட்டைக்குப் பூசுகிற பழக்கம் இங்கே நிறைய பேருக்கு உண்டு, அடுத்த மழையிலேயே அது கழுவிக்கொண்டு கீழே ஓடைக்குத்தான் போகும். நான் ஒரு கேனில் சேர்த்துவைத்து, ஆயில் மாற்றுகிற மெக்கானிக் ஷெட்டிலேயே கொடுத்துவிடுகிறேன், அங்கே பேரலில் சேர்த்து மொத்தமாக எடுத்துப்போக ஆள் வருகிறது.