பூங்காவின் உள்வட்டப் பேருந்து: நான்கு ஆண்டு அனுபவம்

கொழும்புக்கு வெளியே, ஹைலெவல் வீதி வழியாகச் சென்றடையும் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் எங்கள் குடும்பம் 2021 டிசம்பரிலிருந்து ஆண்டு அங்கத்துவம் வைத்திருக்கிறது. நீர்ச்சறுக்குகள், இராட்டினங்கள், தங்கும் விடுதி, சிறிய வாவி எல்லாம் ஒரு பழைய இறப்பர்த் தோட்டத்துக்குள் தள்ளித் தள்ளி அமைந்திருக்கும் இடம் அது. வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் வளரும் இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் ஒரு முறையாவது ஓடித் திரிய நிலம் வேண்டும் என்று எண்ணித்தான் சேர்ந்தோம். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, உயிர்காப்பாளர்கள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், உணவும் குறை சொல்லும்படி இல்லை. ஆகவே நான் எழுதப்போவது அங்குள்ள பேருந்துகளைப் பற்றி மட்டுமே.

பேருந்துச் சேவைகள் இரண்டு. ஒன்று, வார இறுதியிலும் போயா எனும் முழுநிலா விடுமுறை தினங்களிலும் மாகும்புர போக்குவரத்து நிலையத்திலிருந்து காலையில் புறப்பட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்பும் பெரிய பேருந்து. மற்றது, பிரதான வாயில், விடுதி, நீர்ப்பூங்கா, இராட்டினத் திடல் ஆகிய நான்கு இடங்களையும் சுற்றிவரும் உள்வட்டப் பேருந்து. முதலாவது பெரும்பாலும் நேரத்துக்கு வருகிறது. எங்களை வாட்டுவது இரண்டாவதுதான். வாயிலிலிருந்து நீர்ப்பூங்காவுக்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்குக் குறையாது. ஏற்றமும் வளைவுமான அந்த வீதியில் நடைபாதை கிடையாது. என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். பேருந்து வராவிட்டால் எங்களால் நடக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது.

தரிப்பிடத்துப் பலகையில் ‘இருபது நிமிடங்களுக்கு ஒரு பேருந்து’ என்று எழுதியிருக்கிறது. முதல் சில மாதங்கள் அது ஏறக்குறைய உண்மையாகவும் இருந்தது. 2022 இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது நிர்வாகம் ஐந்து பேருந்துகளை இரண்டாகக் குறைத்தது. அதை நாங்கள் குறையாக நினைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் கியூஆர் குறியீட்டுடன் தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரம் வந்த பின்னர், வாரத்துக்குக் கிடைத்த சொற்ப லீற்றர்களை வைத்துக்கொண்டு வீட்டு வாகனத்தை ஓட்டவே எல்லோரும் கணக்குப் பார்த்த காலம் அது. ஆனால் அந்தக் கியூஆர் பங்கீட்டு முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்ட பிறகும் குறைத்த மூன்று பேருந்துகள் திரும்பி வரவில்லை. பலகையும் மாறவில்லை. இரண்டு பேருந்துகளுடன், முழுச் சுற்றுக்கு நாற்பது நிமிடம் எடுக்கும் பாதையில், இருபது நிமிடத்துக்கு ஒன்று என்பது தாளில் மட்டும் சரியாக வரும் கணக்கு.

அந்த மாதத்திலிருந்து, காத்திருந்த நேரத்தை மகளின் பழைய கொப்பி ஒன்றில் குறித்து வருகிறேன். இதுவரை முப்பத்தொரு குறிப்புகள் உள்ளன. இருபது நிமிடத்துக்குள் பேருந்து கிடைத்தது ஒன்பது முறை. நாற்பது நிமிடத்துக்கு மேல் நின்றது பன்னிரண்டு முறை. அந்தப் பன்னிரண்டில் பெரும்பாலான நாட்களில் இரண்டு பேருந்துகளும் ஒன்றின் பின் ஒன்றாக, சேர்ந்தே வந்தன. இதற்குச் சாரதிகளைக் குற்றம் சொல்ல முடியாது. முன்னால் செல்லும் பேருந்து சற்றுத் தாமதித்தால் அடுத்த தரிப்பிடத்தில் ஆட்கள் கூடிவிடுகிறார்கள்; அவர்களை ஏற்ற அது இன்னும் தாமதிக்கிறது. பின்னால் வருவதற்கோ ஏற்ற ஆளில்லை. ஆதலால் விரைந்து வந்து முன்னதை எட்டிப் பிடிக்கிறது. சேர்ந்துவிட்ட இரண்டும் தாமாகப் பிரிவதில்லை. பேருந்துகள் சரியான இடைவெளியில் ஓடினால் தற்செயலாக வந்து நிற்கும் ஒருவர் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்பார். சேர்ந்து ஓடினால், பேருந்தும் எரிபொருளும் அதேயளவு செலவானாலும், அந்தச் சராசரி இருபது நிமிடமாகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு கொழும்பிலிருந்து காலி நகருக்குச் செல்லும் காலி வீதியிலேயே இருக்கிறது. 100, 101 ஆம் இலக்கப் பேருந்துகளுக்காகச் சந்திகளில் சிறு குறிப்புப் புத்தகத்துடன் நின்று, முன்னால் போன பேருந்து எத்தனை நிமிடத்துக்கு முன் போனது என்று நடத்துநரிடம் உரத்துச் சொல்லும் மனிதர்களைக் கொழும்பில் பேருந்தேறும் எவரும் பார்த்திருப்பார்கள். பூங்காவின் பிரதான வாயிலில் அப்படி ஒருவரை நிறுத்தி, பின்னால் வந்த பேருந்தைச் சில நிமிடம் பிடித்து வைத்து அனுப்பினாலே போதும். இதை எழுத்து மூலம் மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் நன்றி தெரிவித்துப் பதில் வந்ததே தவிர, வாயிலில் யாரும் வந்து நிற்கவில்லை.

மாலையில் நடப்பது வேறு. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். மின்னல் கண்டவுடன் உயிர்காப்பாளர்கள் விசில் ஊதி எல்லோரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றிவிடுகிறார்கள். அது மிகச் சரியான செயல். ஆனால் அதே நிமிடத்தில் முந்நூறு பேர் ஈரத் துவாய்களோடு ஒரே தரிப்பிடத்துக்கு வந்து சேர்கிறார்கள். இருபத்தொன்பது இருக்கைகள் கொண்ட சிறு பேருந்து, நிற்பவர்களையும் சேர்த்து நாற்பத்தைந்து பேரை ஏற்றுகிறது. இரண்டு பேருந்துகளிலும் முதலில் தொண்ணூறு பேர் போனால், அவை சுற்றிவர நாற்பது நிமிடம். பிறகு இன்னொரு தொண்ணூறு பேர். இப்படியே போனால் கடைசி ஆள் ஏறும்போது இரண்டு மணி நேரம் கடந்திருக்கும். மழை எந்த மாதத்தில், எந்த நேரத்தில் வரும் என்பது இந்த ஊரில் எவருக்கும் தெரிந்ததுதான். அதற்கென்று மேலதிகப் பேருந்து ஒன்றை வைத்திருப்பது பெரிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

கடந்த நவம்பர் போயா தினத்தன்று அப்படி ஐம்பத்தேழு நிமிடம் நின்றோம். தரிப்பிடத்தின் தகரக் கூரைக்குள் பதினைந்து பேருக்கு மேல் அடங்காது. அம்மா துவாயை நான்காக மடித்து வாய்க்கால் கட்டின் மேல் போட்டு உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் துவாயின் அடிப்பக்கம் செம்மண் நீரில் ஊறிவிட்டது. மகன் குளிரில் உதடு நீலம் பூக்க அவரது சேலைத் தலைப்புக்குள் ஒண்டி நின்றான். அங்கே கடமையிலிருந்த இளைஞர் ஒருவர், அருகிலுள்ள தோட்டத்துப் பிள்ளையாக இருக்கவேண்டும், தன் குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, “அக்கா, ரெண்டு பஸ்ஸும் விடுதிப் பக்கம் நிக்குது. எப்ப வரும்னு எங்களுக்கும் சொல்ல மாட்டாங்க” என்றார். அவரிடம் வோக்கி டோக்கி கூட இல்லை. நனைந்துகொண்டே ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பேருந்தை அனுப்பும் அதிகாரம் உள்ள எவரும் அந்த இடத்தில் இல்லை.

நாங்கள் வாயிலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறு பதினைந்து. மாகும்புர பேருந்து ஆறு மணிக்கே புறப்பட்டுவிட்டது. இரண்டு சேவைகளும் ஒரே நிர்வாகத்தினுடையவை. எங்கள் பெயர்கள் அந்தப் பேருந்தின் பட்டியலில் இருந்தன. எங்களைத் தாமதப்படுத்தியதும் அவர்களுடைய மற்றப் பேருந்துதான். ஆயினும் ஒருவருக்கொருவர் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. முச்சக்கரவண்டி பிடித்துப் பிரதான வீதிக்கு வந்து, அவிசாவளையிலிருந்து புறக்கோட்டை செல்லும் 122 ஆம் இலக்கப் பேருந்தில் கிருலப்பனை வரை நின்றுகொண்டே வந்தோம். அம்மாவுக்கு மட்டும் ஒரு பிக்கு எழுந்து இடம் கொடுத்தார் என்றுதான் முதலில் நினைத்தேன்; உண்மையில் இடம் கொடுத்தவர் அவருக்குப் பக்கத்திலிருந்த பாடசாலை மாணவி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நேரமாற்றங்களைத் தாளில் அச்சிட்டுத் தூணில் ஒட்டுகிறார்கள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தனியார் பூங்காவை அது கட்டுப்படுத்தாது என்பதை அறிவேன். ஆனாலும் எங்கள் வீதியில் ஓடும் பேருந்தின் நெற்றிப் பலகையில் ஊர்ப்பெயர் தமிழிலும் இருக்கிறது. அம்மா தமிழ் மட்டுமே சரளமாக வாசிப்பவர். தனியே அமர்ந்திருக்கும்போது அடுத்த பேருந்து எப்போது என்பதை அவர் பேரப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுடன் ஒப்பிடுவது பொருத்தமில்லை என்று சிலர் கூறலாம். நான் பணத்தை ஒப்பிடவில்லை. ஃபுளோரிடாவில் 1971 இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்ட் ஏறக்குறைய நூறு சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. கொழும்பு மாநகரம் முப்பத்தேழு சதுரக் கிலோமீற்றர்தான். அங்கே பேருந்தோடு மோனோரயில், படகு ஆகியனவும், 2019 முதல் கம்பிவட ஊர்தியும் ஓடுகின்றன. சிங்கப்பூரின் செந்தோசாவுக்கு ரயிலிலும் போகலாம், கேபிள் காரிலும் போகலாம், பாலத்தின் மீது நடந்தும் போகலாம். அங்கு ஒன்று தாமதித்தால் மற்றதை நாடலாம். எங்கள் பூங்காவில் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. நிழலுள்ள ஒரு நடைபாதையும், இரண்டு மூன்று இடங்களில் வாங்குகளும் அமைத்தால் இளையவர்களில் பாதிப்பேர் நடந்தே போய்விடுவார்கள். பேருந்து முதியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் மிஞ்சும்.

போக நினைப்பவர்களுக்கு எங்கள் பழக்கத்தைச் சொல்கிறேன். மழை மாதங்களில் மூன்று மணிக்கே உடை மாற்றிவிடுகிறோம். விடுதித் தரிப்பிடத்தில்தான் பேருந்துகள் நின்று ஓய்வெடுக்கின்றன என்பதால், நீர்ப்பூங்காவில் நிற்காமல் அங்கே போய் ஏறுகிறோம். அது ஏழு நிமிட நடை, இறக்கம். மாகும்புர பேருந்தின் பட்டியலை வைத்திருப்பவரின் தொலைபேசி இலக்கத்தைக் காலையிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

அங்கத்துவம் டிசம்பர் 15 ஆம் திகதியுடன் முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தில் எங்கள் நால்வரின் பெயரையும் எழுதிவிட்டேன். ஐந்தாவது வரியை நிரப்பவேண்டாம் என்று அம்மா நேற்றிரவு சொன்னார். படிவம் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கிறது.