ஆயிலில் கூலன்ட் கலந்த என்ஜினுக்கு ஃப்ளஷ் பாட்டில் உதவுமா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்று “ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு” என்று சொன்னாலும், கடைக்காரர் என்ஜின் ஃப்ளஷ் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டுவார். பெரும்பாலும் 300 மி.லி. அளவு. சூடான என்ஜினில் பழைய ஆயிலோடு ஊற்று, 10 நிமிடம் ஐடிலில் ஓடவிடு, வடித்துவிடு என்பதுதான் லேபிள் சொல்வது. கரியும் பிசினும் படிந்த என்ஜினுக்கு அது நியாயமான பொருள். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய் கூலன்ட் இறங்கிய என்ஜினில் முதல் வேலையாக இதை ஊற்றினால் காசு வீண், பேரிங்குக்கும் கேடு.

காரணம் பாட்டிலுக்குள் இருக்கிறது. இந்த ஃப்ளஷ்களில் பெரும்பங்கு மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மெல்லிய பெட்ரோலிய கரைப்பான், கூடக் கொஞ்சம் டிடர்ஜென்ட். கரிப்பிசினை அது இளக்கும். கூலன்டில் இருப்பதோ எத்திலீன் கிளைக்கால், தண்ணீர், துருத்தடுப்பு உப்புகள். இவை ஆயிலோடு அடிபட்டு டிகிரி காபி நிறத்தில் கெட்டியாகும்போது, பெட்ரோலியக் கரைப்பான் அதில் ஒட்டுவதே இல்லை. கிளைக்கால் சூட்டில் சிதைந்து அமிலமாகிறது. அந்த அமிலம் பேரிங் ஷெல்லின் ஈயத்தையும் செம்பையும் அரிக்கும். பேரிங்கைக் காக்கும் படலம் ஏற்கெனவே கெட்டுப்போன ஆயிலை ஃப்ளஷ் இன்னும் நீர்க்க வைக்க, அதே ஆயிலோடு என்ஜினை 10 நிமிடம் ஓட்டச் சொல்கிறது லேபிள். இளகிய கட்டிகள் ஒரே நேரத்தில் ஆயில் பம்ப் வாயின் சல்லடையான ஸ்ட்ரெய்னரில் போய் அடைத்துக்கொண்டால் ஆயில் பிரஷர் விளக்கு எரியும்.

எதையும் வாங்குமுன் கலந்தது என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் பழைய மாருதி 800, அம்பாசிடர் வண்டிகளில் கூலன்டே இல்லாமல் போர் தண்ணீர் ஓடுவது சகஜம். அப்படியானால் கிளைக்கால் பிரச்சினை இல்லை. தண்ணீர் சூட்டில் ஆவியாகிவிடும். ஆனால் கடலோரப் பகுதி போர் தண்ணீரின் உப்பு உள்ளேயே தங்கும், அலுமினிய ஹெட்டை அரித்து கேஸ்கெட்டுக்கு வழிவிட்டதும் அநேகமாக அதே தண்ணீர்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகளின் கதை வேறு: அங்கே ஆயிலோடு சேறும் வந்திருக்கும், ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப்பைக் கழற்றாமல் தீராது. ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் லேசாக வெள்ளை படிந்து, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால், குறுகிய தூரமே ஓடும் வண்டியில் படியும் ஈரமாகவும் இருக்கலாம். அதற்காக ஹெட்டைத் திறக்க வேண்டாம்.

இனி வேலை. கலந்தது தெரிந்ததும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. இரவு முழுக்க நிறுத்தி வைத்து, குளிர்ந்த நிலையிலேயே ட்ரெயின் போல்ட்டைத் திறந்தால், பிரிந்து அடியில் தங்கிய கூலன்ட் முதலில் வரும், பிறகுதான் பால் ஆயில். ஹெட்டைக் கழற்றி இறக்கியதும் நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். மாருதி 800 போன்ற சுசுகி ஹெட்டுகளில் வளைவு 0.05 மி.மீ. தாண்டினால் லேத் பட்டறையில் ஃபேசிங் (பரப்பைச் சமமாகச் சீவுவது) போட்டாக வேண்டும். ஹெட் போல்ட் துளைகளில் தேங்கிய கூலன்டைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதி எடுக்காமல் போல்ட் முறுக்கினால் டார்க் (முறுக்கு அளவு) பொய்யாகக் காட்டும், பிளாக்கில் விரிசல் கூட விழலாம். பல பட்டறைகள் தாண்டிப் போவது இந்த ஒரு நிமிட வேலையைத்தான்.

ஆயில் சம்ப், வால்வு கவர், ஸ்ட்ரெய்னர், பிரீதர் குழாய், பி.சி.வி. வால்வு (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இழுத்தனுப்புவது) எல்லாம் வெளியே வந்து கழுவப்பட வேண்டும். எந்தத் திரவம் ஊற்றினாலும் போகாத கெட்டிக் கழிவு சம்ப்பின் மூலையிலும் வால்வு கவரின் தடுப்புத் தகட்டுக்குள்ளும்தான் ஒளிந்திருக்கும். சம்ப் திறந்திருக்கும்போதே ஒரு கனெக்டிங் ராட் கேப்பைக் கழற்றிப் பாருங்கள். ஷெல்லில் செம்பு நிறம் தெரிந்தால் மொத்த செட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

டீசல் ஊற்றிக் கழுவும் பழக்கத்துக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. திறந்த சம்ப்பையும் ஸ்ட்ரெய்னரையும் டீசலில் கழுவலாம், தாராளமாக. தனி டீசலை நிரப்பி என்ஜினை ஓட்டினால் பேரிங்குக்குப் படலமே இருக்காது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான ஏ.டி.எஃப். ஊற்றினால் சுத்தமாகும் என்பதும் வெறும் பேச்சு. அதிலுள்ள டிடர்ஜென்ட் சாதாரண என்ஜின் ஆயிலில் இருப்பதைவிடக் குறைவு.

அதிக மதிப்பெண் வாங்குவது அலுப்பான முறை: மலிவான மினரல் ஆயிலை அடுத்தடுத்து மாற்றுவது. 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 கிரேடு போதும். மாருதி 800-க்கு ஒரு தடவைக்கு 3 லிட்டர் வாங்கினால் சரி. இக்னிஷன் ஒயரைக் கழற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடித்து, பிறகு ஸ்டார்ட் செய்து தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வரை ஐடிலில் விட்டு, சூட்டோடு வடிக்க வேண்டும். இரண்டாம் முறை 15, 20 கி.மீ. ஓட்டி வடிக்கலாம். ஒவ்வொரு முறையும் வடித்த பிறகு பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்குகிறது என்று வைத்தாலும், மூன்று முறையில் மிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் மாற்றினால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஃபில்டர் பாட்டிலைவிட மலிவு, அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

கிளைக்கால் கெட்டியாக ஒட்டிப் போயிருந்தால் கனரக டீசல் என்ஜின் கையேடுகள் சொல்லும் மருந்து பியூட்டைல் செல்லோசால்வ். பெயின்ட் தொழிலில் புழங்கும் கரைப்பான். தண்ணீரோடும் கலக்கும், எண்ணெயோடும் கலக்கும். அதை மெல்லிய என்ஜின் ஆயிலோடு கலந்து, அதிகம் சூடேறாமல், மிதமான ஐடிலில் ஓட்டி வடிப்பார்கள். பாரிமுனைப் பக்கத்து இரசாயனக் கடைகளில் விசாரிக்கலாம். தோல் வழியாக உடம்பில் ஏறும், கையுறை கட்டாயம். பழைய பெட்ரோல் காரின் ரப்பர் சீல்களை நினைத்தால், மற்றது எதுவும் பலிக்காதபோது மட்டும் இதைத் தொடலாம்.

சுத்தமானதா என்று பார்க்க, சமையலுக்குப் பயன்படாத ஓர் இரும்புத் தகட்டை நன்றாகச் சூடாக்கி வடித்த ஆயிலை ஒரு சொட்டு விடுங்கள். சடசடத்தால் தண்ணீர் மிச்சம். கிளைக்காலை இது காட்டாது. அதற்கு ஆயிலை ஆய்வகத்தில் கொடுத்து சோடியம், பொட்டாசியம் அளவு பார்க்க வேண்டும். சொட்டு அமைதியாக இருந்தால், மூன்றாம் சுற்றுச் சுத்த ஆயிலில் அந்த ஃப்ளஷ் பாட்டிலை லேபிள்படி ஊற்றுங்கள். பிஸ்டன் ரிங் பள்ளத்துப் பிசினுக்கு அப்போது அது உதவும். நல்ல ஆயில் நிரப்பிய பின் முதல் மாற்றத்தை 500 கி.மீ.யிலும் அடுத்ததை 1,000 கி.மீ.யிலும் செய்துவிடுங்கள்.

பட்டறை எஸ்டிமேட்டில் “ஃப்ளஷிங்” என்று ஒற்றை வரி இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சம்ப் கேஸ்கெட், குறைந்தது மூன்று ஃபில்டர், ஃப்ளஷுக்கான மலிவு ஆயில், ஹெட் ஃபேசிங் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கம் ஆயில் போயிருந்தால் ஊறிப்போன ஹோஸ்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.