மூன்றரை டன் இழுக்கும் என்றார்கள்: லேண்ட்குரூசர் 200-ல் ஆறு வருடம் கேரவன் இழுத்த அனுபவம்

போன மாதம், சக்கர வீடான கேரவனை வண்டியின் பின்னால் மாட்டும் டோ பாலின் உருண்டையைத் துணியால் துடைத்து, வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தேன். குறுக்குவாட்டில் 49.8 மி.மீ. வண்டி ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாக, 49.2. வாங்கும்போது இது 50 மி.மீ. உருண்டை. ஆறு வருடத்தில் 48,000 கி.மீ. கேரவன் இழுத்ததில் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரலால் தடவினால் கப்ளிங், அதாவது உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் கேரவனின் முன்முனை, உட்காரும் இடத்தின் ஓரத்தில் மெல்லிய மேடு ஒன்று தட்டுப்படும். 49 மி.மீ. ஆகிவிட்டால் உருண்டையை மாற்ற வேண்டும் என்கிறது என் கப்ளிங்கின் கையேடு. அதுவரை விட்டுவைக்க மனம் வரவில்லை. அன்றைக்கே புதிது போட்டுவிட்டேன்.

நாங்கள் இருப்பது மெல்பர்னில். வண்டி 2017 மாடல் டீசல், 4.5 லிட்டர் வி8. 2018-ல் இரண்டாம் கையாக வாங்கினேன். அடுத்த வருடம் இரட்டை அச்சு கேரவன் வந்தது. அதன் மொத்த எடை வரம்பு, இங்கே ஏடிஎம் என்பார்கள், 3000 கிலோ. எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாலரட் போகும் வழியில் பென்ட்லாண்ட் ஹில்ஸ் ஏற்றத்தில் கேரவனோடு ஏறும்போதும் அது திணறியதில்லை. அந்தச் சுகம்தான் ஆளை ஏமாற்றுகிறது. எஞ்சின் தாராளமாக இழுக்கிறது என்பதால் வண்டியும் தாங்குகிறது என்று நம்பிவிடுகிறோம்.

கேரவன் விற்றவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "உங்க வண்டி மூன்றரை டன் இழுக்கும், இது மூன்று டன்தானே." அவர் சொன்ன கணக்கு பொய் இல்லை. பிரேக் உள்ள டிரெய்லர் 3500 கிலோ வரை, உருண்டை மேல் இறங்கும் பளு 350 கிலோ வரை என்றுதான் வண்டியின் கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் அதே வண்டிக்கு ஜிவிஎம் என்று இன்னொரு எண் உண்டு. ஆள், சாமான், டீசல் எல்லாம் சேர்த்து வண்டி தன் சக்கரங்களில் சுமக்கக்கூடிய மொத்த எடை அது: 3350 கிலோ. என் வண்டியின் வெற்று எடையே 2740. மீதி 610 கிலோ. உருண்டை மேல் கேரவன் அழுத்தும் எடையும் இந்த 610-க்குள்தான் அடங்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். வண்டியின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கும், இரவில் எதிரே வருகிறவர்கள் ஹெட்லைட்டை அணைத்துப் போட்டுக் காட்டுவார்கள். என் விளக்கு அவர்கள் கண்ணில் அடிக்கிறது என்று புரியவே நாளாயிற்று. ஒரு நீண்ட விடுமுறைக்குக் கிளம்பும் முன் வண்டிகளை எடைபோடும் மேடையான வே பிரிட்ஜில் ஏற்றினேன். குடும்பமாக நாலு பேர், ஃப்ரிட்ஜ், பின்னால் இழுப்பறைகள், முன்னால் புல் பார், கேரவன் மாட்டியபடி. வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க 3560 கிலோ காட்டியது. கேரவன் அச்சுகளில் 2640. இரண்டும் சேர்த்து 6200. வண்டியும் கேரவனும் சேர்ந்த எடைக்கான ஜிசிஎம் வரம்பு 6850, அதற்குள்ளேதான் இருந்தோம். கேரவனும் தன் வரம்புக்குள். வண்டி மட்டும் 210 கிலோ கூடுதல். கழற்றி அளந்ததில் உருண்டை மேல் 310 கிலோ. கேரவன் தகட்டில் 180 என்று போட்டிருந்தது, அது காலி கேரவனின் கணக்கு. தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், பேட்டரி எல்லாம் அச்சுக்கு முன்னால் இருந்தால் ஏறாமல் என்ன செய்யும்.

இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது. உருண்டை பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. டேப் வைத்து அளந்தேன், ஏறக்குறைய 1.3 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.85 மீட்டர். சீசா பலகை மாதிரிதான்: பின்னால் 310 கிலோ அழுத்தினால் முன் சக்கரங்களிலிருந்து சுமார் 140 கிலோ குறைகிறது, பின் அச்சுக்கோ 450 கிலோ ஏறுகிறது. ஸ்டியரிங் பிடிப்பதும் பிரேக்கின் பெரும்பங்கு வேலையும் முன் சக்கரங்களில். அந்தச் சக்கரங்களைத்தான் இரண்டு வருடமாக லேசாக்கி வைத்திருந்தேன். பின்னால் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு.

எடையைக் குறைக்கப் போய் முதலில் ஒரு தப்பு செய்தேன். சாமான்களைக் கேரவனின் பின்பக்கம் தள்ளினேன், இரண்டு சைக்கிள்களைப் பின் பம்பரில் கட்டினேன். உருண்டைப் பளு 190 கிலோவாக இறங்கியதும் நிம்மதியாக இருந்தது. அடிலெய்டு போகும் வழியில், போர்டர்டவுன் தாண்டி டியூக்ஸ் நெடுஞ்சாலையில், மணிக்கு 100 கி.மீ. வேகம். இரண்டு டிரெய்லர் இழுக்கும் பி-டபுள் லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. கேரவனின் பின்பக்கம் முதலில் இடது பக்கம் போனது, பிறகு வலது, பிறகு இன்னும் அதிகமாக இடது. ஸ்டியரிங்கைத் திருப்பி அடக்கத் தோன்றும், காலும் தானாக பிரேக்கைத் தேடும். இரண்டும் ஆட்டத்தைக் கூட்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டேஷ்போர்டில் இருக்கும் பிரேக் கண்ட்ரோலரின் கைவிசையை மட்டும் அழுத்தினேன். கேரவன் சக்கரங்கள் மட்டும் பிடித்தன. கேரவன் பின்னோக்கி இழுபட்டு நேரானது. நாலைந்து விநாடிதான் இருக்கும். ஓரமாக நிறுத்திய பிறகும் யாரும் பேசவில்லை.

உருண்டைப் பளு கேரவன் எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று இங்கே எல்லோரும் சொல்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் உறைத்தது. கூடினால் வண்டி தாங்காது, குறைந்தால் கேரவன் ஆடும். அதற்குப் பிறகு கனமானதை எல்லாம் அச்சுகளுக்கு நேர் மேலே, தரையோடு வைக்கிறோம். தண்ணீரைப் போகிற ஊரில் நிரப்பிக்கொள்கிறோம். இழுப்பறைகள் போயின, ஃப்ரிட்ஜ் கேரவனுக்குள் போனது. இப்போது உருண்டைப் பளு 270, வண்டி 3340. வரம்புக்குப் பத்தே கிலோ கீழே.

ஸ்பிரிங்கை மாற்றி, சான்றிதழ் வாங்கி, ஜிவிஎம்மை உயர்த்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் யோசித்தேன். ஜிவிஎம்மை 3800 ஆக்கிக்கொண்டு ஜிசிஎம் அதே 6850-ல் நின்றால், வண்டியை முழுதாக நிரப்பும் நாளில் கேரவன் சக்கரங்களுக்கு மிஞ்சுவது 3050 கிலோதான். மூன்றரை டன் என்ற பேச்சு அங்கே செல்லாது. எனக்குச் சாமானைக் குறைப்பதே சரியாகப் பட்டது.

அப்புறம் தேய்மானம். உருண்டையைவிட என்னைக் கவலைப்படுத்தியது டங், அதாவது வண்டியின் பின்னால் பூட்டியிருக்கும் டோ பாரின் சதுரக் குழாய்க்குள் நுழையும் இரும்புக் கட்டை. அதையும் குழாயையும் சேர்த்துப் பிடிப்பது 16 மி.மீ. பின் (முளை) ஒன்றுதான். மூன்றாம் வருடம் சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். பின்னை உருவிப் பார்த்தால் அதைச் சுற்றி மிளகாய்த்தூள் நிறத்தில் பொடி. மழைத் துரு அப்படி இருக்காது. இரும்பும் இரும்பும் ஓயாமல் உரசி உதிர்ந்த தூள் அது. டங்கில் இருந்த துளை வட்டமாக இல்லை, முன்பின்னாக முட்டை வடிவில் இழுபட்டிருந்தது. டங்கை மாற்றிவிட்டு, சதுரக் குழாயில் ஆட்டம் போக இறுக்கும் கிளாம்ப் ஒன்றும் போட்டேன். சத்தம் நின்றது.

கிரீஸ் விஷயத்தில் அனுபவம் கற்றுக்கொடுத்ததை மட்டும் சொல்கிறேன். தார்ச்சாலையில் கிரீஸ் நல்லது. ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கம் மண்சாலையில் மூன்று நாள் ஓட்டிய பிறகு உருண்டையைத் தொட்டுப் பார்த்தேன். செம்மண்ணும் கிரீஸும் கலந்து அரைத்த மாவு மாதிரி இருந்தது, விரலில் தேய்த்தால் நறநறத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். இப்போது மண்சாலையில் ஒவ்வொரு நாள் மாலையும் கழற்றித் துடைத்துவிட்டு, புதிதாகக் கொஞ்சமாகத் தடவுகிறேன்.

உருண்டைக்கு அடியில் இருக்கும் நட்டை ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பார்த்தபோது அரைச்சுற்று சுற்றியது. அன்றிலிருந்து குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் இறுக்கி, நட்டுக்கும் கட்டைக்கும் குறுக்கே வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. டீசல் போட நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் குனிந்து அந்தக் கோட்டைப் பார்க்கிறேன். சங்கிலிகள் இரண்டையும் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காக மாட்டியிருக்கிறேனா என்றும் அப்போதே பார்த்துவிடுவேன். கப்ளிங் கழன்றாலும் அதன் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி ஏந்திக்கொள்ளும்.

என் மனைவியின் தம்பியும் லேண்ட்குரூசர் 200 வைத்திருக்கிறான். போன வாரம் 3300 கிலோ கேரவன் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, மூன்றரை டன் வரைக்கும் பிரச்சினை இல்லைதானே?" என்றான். அதில் பத்து சதவீதம் உருண்டை மேல் 330 கிலோ. அந்த 610-ல் மீதி 280 கிலோவுக்குள் அவன், மனைவி, மூன்று பிள்ளைகள், அவன் போட்டிருக்கும் புல் பார், வின்ச். தாளில் கூட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. வரும் சனிக்கிழமை, கேரவன் எதுவும் மாட்டாமல், குடும்பத்தோடு அவன் வண்டியை மட்டும் வே பிரிட்ஜில் ஏற்றப் போகிறோம்.